தேருக்கு ரிவர்ஸ் கிடையாது

மேஸ்திரி,

நகக்கண்ணில் சிவப்பு எனாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தின்னர் ஊற்றித் தேய்த்தும் போகவில்லை. பில் போடும்போது அந்த வாசனை மூக்கில் ஏறுகிறது. உடனே நீ கல்லாவுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இன்னாக்கா, பெயிண்ட் கடைக்காரி கையில பெயிண்ட்டா, அதிசயம்தான்" என்று சிரிப்பது போலிருக்கிறது. இத்தனை வருடமாகப் பெயிண்ட் விற்கிறேன். பிரஷ்ஷைக் கையில் எடுத்தது நேற்றுத்தான்.

எல்லாம் உன் கழிக்காக. குடோன் கூரைக்கடியில் முறுக்குக் கம்பிகளோடு கிடந்த அந்த நீள மூங்கிலை இறக்கச் சொன்னேன். லோடு இறக்குகிற ஆள் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, நல்லா விளைஞ்ச மூங்கிலு. ரெண்டா வெட்டி சாரத்துக்கு வாடகைக்கு வுட்டுடலாமா?" என்று கேட்டான். "அதுல ரம்பம் பட்டுச்சு, உன் கணக்கு இன்னிக்கே முடிஞ்சுது" என்றேன். எதுவும் புரியாமல் என்னையும் மூங்கிலையும் மாறிமாறிப் பார்த்தான். வியாபாரத்தில் எதையும் சும்மா போட்டுவைக்காதவள் நான். நீ போனபிறகு அது மட்டும் அங்கேயே கிடந்தது. முனைகளில் நீ அடித்த சிவப்பு வெளுத்துப் போயிருந்தது. உட்கார்ந்து நானே அடித்தேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே ஊர்தான். ஆனால் முதலில் பேசிக்கொண்டது திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில். ஊரில் என் வீடு கோயில் பக்கம், உன் வீடு காலனியில். நடுவில் வேர்க்கடலை விளைகிற மல்லாட்டைக் கொல்லை. அங்கே பேச ஒரு காரணமும் இருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் கூடையில் அவித்த மல்லாட்டை விற்றுக்கொண்டிருந்தேன். தலையில் துண்டும் கையில் கரண்டியுமாக சைட்டுக்குப் போகிற வழியில் நீ வந்து நின்றாய். நான் உழக்கில் அள்ளியதைப் பார்த்துவிட்டு, "அக்கா, உழக்குக்குள்ள உன் கட்டவிரலையும் சேத்து விக்கிறியா?" என்றாய். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "விரலுக்குக் காசு கேக்கல, தின்னுட்டுப் போ" என்றேன். மறுநாளும் வந்தாய். நான் சிமென்ட் கடை வைத்தபோதும், பிறகு டைல்ஸ் ஷோரூம் கட்டியபோதும், வாடிக்கையாளர்கள் முன்னாலேயே என்னை மல்லாட்டை அக்கா என்றுதான் கூப்பிட்டாய். பதிலுக்கு நானும் விடவில்லை. கான்ட்ராக்டர் என்று கார்டு அடித்துக்கொண்டு, உன் வீட்டு வாசலுக்கு என் கடையிலிருந்து கறுப்புக் கிரானைட் ஏற்றிக்கொண்டு போன அன்றும், "யோவ் மேஸ்திரி, உரசல் படாம எடுத்துக்கினு போ" என்றுதான் சொன்னேன்.

அந்த மல்லாட்டைக் கொல்லை விலைக்கு வந்தபோது மனை பிரித்து விற்க நாம் சேர்ந்து வாங்கினோம். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருக்கிற நிலம். மேற்கே பல்லவர் காலத்துக் கோயில், அதைச் சுற்றி நான்கு தேர் வீதி. கல்வெட்டுப் படிக்க வருகிறவர்கள் கோயிலைப் பார்த்துவிட்டு வீதியைப் பார்த்துத்தான் வாயைப் பிளப்பார்கள். இத்தனை காலமாக எப்படி இவ்வளவு நேராக, இவ்வளவு அகலமாக இருக்கிறது என்று கேட்பார்கள். ஊர்க்காரர்களுக்கு அது ஒரு அதிசயமே இல்லை. ஏனென்றால் தேருக்கு முன்னால் ஒருநாள் கழி பார்ப்பார்கள். தேரின் அகலத்துக்கு, இரண்டு பக்கமும் ஒரு முழம் கூட்டி வெட்டிய மூங்கில். இரண்டு பேர் அதை வீதிக்குக் குறுக்காக, ஆளுக்கொரு முனையைத் தோளில் வைத்துக்கொண்டு நான்கு வீதியும் சுற்றி வருவார்கள். கழியோ அதைச் சுமப்பவர் காலோ எதில் முட்டுகிறதோ, வாசல்படியோ, பைக் ஏற்றுகிற சரிவோ, அதை வீட்டுக்காரரே அன்று சாயங்காலத்துக்குள் எடுத்துவிட வேண்டும். நோட்டீசும் கிடையாது, சண்டையும் கிடையாது. தேர் போகாத பின்பக்கத் தெருக்களைப் பார்த்தால் தெரியும். வருடத்துக்கு ஒரு படி, ஒரு சரிவு என்று முன்னால் வந்து, இன்று இரண்டு பைக் எதிரெதிரே வந்தால் ஒருவர் இறங்கித்தான் தள்ள வேண்டும்.

கோயில் மதிலுக்கு நீ பூச்சு வேலை செய்த வருடம் இதைக் கவனித்துவிட்டு நேரே கடைக்கு வந்தாய். "அக்கா, நம்ம மனைக்கு இந்த மாதிரி ஒரு கழி வேணும்" என்றாய். நான் அப்போது நுழைவாயில் ஆர்ச்சுக்கு என்ன கலர் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "யோவ், அப்ரூவல் பிளான்ல ரோடு அகலமெல்லாம் போட்டுத்தானே இருக்கு?" என்றேன். "பிளான்ல இருக்கும்க்கா. வீடு கட்டறவன் பிளான மடிச்சு பீரோவுல வெச்சிட்டு, படிய ரோட்டுல வெப்பான். பைபாஸ் பக்கம் போட்ட மனையப் போயிப் பாரு. உன் சிமென்ட் லாரியே உள்ள போவ முடியாம முக்குல நின்னு, மூட்டைய தலையில சொமந்துக்கினு போறாங்க. ரூலு போட்டா எவன் கேப்பான்? சாமி தேரு வந்து முட்டிக்கினு நின்னா அன்னிக்கே இடிப்பான்." அப்படித்தான் ஆரம்பித்தது. நீ சொன்னால் செய்யாமல் விடமாட்டாய். நேரத்துக்குத்தான் வரமாட்டாய். ரெண்டு நாளில் வருகிறேன் என்று போனவன் ஒரு வாரம் கழித்து, ஆட்டோவின் மேல் இந்தக் கழியைக் கட்டிக்கொண்டு, பின்னால் வந்த பஸ்காரன் கத்தக் கத்த வந்து இறங்கினாய்.

பிளான் போட்ட நாள் நினைவிருக்கிறதா? என்ஜினியர் தம்பி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். கிழக்கே, காலனி பக்கம் போகிற ரோட்டின் கடைசியில் ஒரு மனையை வைத்து அடைத்திருந்தான். "இந்தப் பக்கம் க்ளோஸ் பண்ணிட்டா ஒரே என்ட்ரன்ஸ்க்கா. கேட்டட் கம்யூனிட்டின்னு போடலாம். ரேட்டு தானா ஏறும்" என்றான். அவன் சொன்னது வியாபாரத்தில் தப்பில்லை. எனக்கும் மனதுக்குள் கணக்கு ஓடத்தான் செய்தது. உன் முகத்தைப் பார்த்தேன். நீ டீயைக் குடித்து முடித்தாய். பிறகு, "தம்பி, இந்த ரோட்டுல தேரு வந்தா எங்க திரும்பும்?" என்றாய்.

"லேஅவுட்டுக்குள்ள தேரு எதுக்குண்ணா?"

"வரும். வந்தா?"

அவன் திரையைப் பார்த்தான், சிரித்தான், "ரிவர்ஸ்தான் எடுக்கணும்" என்றான்.

"தேருக்கு ரிவர்ஸ் கிடையாது தம்பி. வடத்த முன்னாலதான் கட்டியிருக்காங்க."

அந்தப் பையன் கெட்டிக்காரன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்காமல் அந்த மனையை அழித்தான். ரோடு காலனித் தெருவில் போய்ச் சேர்ந்தது. தேர் என்று வைத்துக்கொண்டபின் மற்றதெல்லாம் தானாக வந்தது. தேர் திரும்ப மூலை மனைகளின் முனையை வெட்ட வேண்டும். மேலே ஒயர் குறுக்கே போகக் கூடாது, அதனால் கரண்ட் கம்பமெல்லாம் ஒரே பக்கம். வீட்டுச் சிலாப் ரோட்டுக்கு மேல் நீளக் கூடாது. படியும் சரிவும் அவரவர் எல்லைக் கல்லுக்குள். எந்த வீடும் கோயில் கோபுரத்தை மறைக்கிற உயரத்துக்குப் போகக் கூடாது. இவ்வளவையும் கிரயப் பத்திரத்திலேயே நிபந்தனையாகப் போட வைத்தாய்.

மூலை மனைக்காக உன்னோடு நான் போட்ட சண்டையை விக்கிரவாண்டி டீக்கடைக்காரர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். "மூலை மனைதான்யா நல்ல வெலைக்குப் போவும். அதையே வெட்டச் சொல்றியே, நீ பார்ட்னரா, எதிரியா?" என்று கத்தினேன். "ஏங்க்கா, மல்லாட்டை விக்கும்போது மேல ஒரு கை கொசுறு போடுவ இல்ல? அதுக்குத்தானே ஆளு திரும்பி வந்தான்? இது ரோட்டுக்குப் போடற கொசுறு" என்றாய். உன் பேச்சுக்கு மயங்கிச் சம்மதித்தேன் என்று நினைக்காதே. முனை வெட்டிய மனையில் இரண்டு பக்கமும் வாசல் வைக்கலாம் என்று என்ஜினியர் தம்பி காட்டினான். அதற்குத்தான் சம்மதித்தேன்.

ரோட்டுக்கு முளை அடித்துச் சிவப்புத் துணி கட்டிய அதே வாரம் நீ போய்விட்டாய். சைட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், ஆஸ்பத்திரி வாசலைக்கூடப் பார்க்கவில்லை. ஐப்பசி மழை. காலனிக்குப் போகிற ஏரிக்கரைப் பாதை சேறாகி, உன் பெட்டியை ஏற்றி வந்த சர்ச் வண்டி பாதியில் புதைந்து நின்றுவிட்டது. உன் ஆட்கள் என்னிடம் வந்து, "கொல்ல வழியா தூக்கிக்கினு போவட்டுமா?" என்று கேட்டார்கள். "அது கொல்லை இல்ல, ரோடு. போங்க" என்றேன். சிவப்புத் துணிகளுக்கு நடுவே உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நான் பின்னால் போனேன். மூலை வந்தது. ஆறு பேர் தோளிலிருந்த பெட்டி வேகம் குறையாமல் திரும்பியது. ஒரு முளைகூடச் சாயவில்லை. அழுதுகொண்டிருந்தபோதும் அதைக் கவனித்தேன். வெட்டியது சரியான அளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது ரோடு போட்டாயிற்று, மனை முக்கால்வாசி போய்விட்டது, பத்துப் பன்னிரண்டு வீடு எழும்பியிருக்கிறது. நீ எதிர்பார்த்தது எல்லாம் அப்படியே நடக்கிறது. சென்னையில் வேலை பார்த்து ரிட்டயரான சார் ஒருவர் வாசல் சரிவை ரோட்டில் இறக்கியிருக்கிறார். கேட்டால், "ஒரு இன்ச்தான் மேடம்" என்கிறார். அது பெரிதில்லை. போன வாரம் சிமென்ட் இறக்கப் போன என் வண்டிக்காரன் திரும்பி வந்து, "அக்கா, கடைசி முக்குல ஹாலோ பிளாக் அடுக்கி வெச்சிருக்காங்க. ரோட்ட அடைக்கப் போறாங்களாம்" என்றான். போய்ப் பார்த்தேன். காலனித் தெருவைத் தொடுகிற இடத்தில் இரண்டு பக்கமும் அடுக்கு. எல்லாம் என் கடைச் சரக்கு! சார் தன் வீட்டுக் காம்பவுண்டுக்கு என்று சொல்லி வாங்கியது. "பாதுகாப்புக்குத்தான் மேடம். உங்களுக்கும் மீதி மனை நல்ல ரேட்டுக்குப் போகும்" என்றார், எனக்கு உதவி செய்வதுபோல.

ரோடு பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்தது. சுவர் வைத்தால் கேஸ் போடலாம்தான். ஆனால் கேஸ் முடிவதற்குள் சுவர் பழசாகி, அங்கே ரோடு இருந்தது என்பதே மறந்துபோகும். சுவர் ஒருமுறை எழும்பிவிட்டால் நீ போட்டது ரோடு இல்லை, வெறும் சந்து. வருடா வருடம் ஏதாவது ஒன்று அந்த வழியாகப் போக வேண்டும். தேர்தான் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தேர்க் கொட்டகை முன்னால் கூட்டம் போட்டார்கள். தேர்ப் பொறுப்பு இன்னும் அதே பெரியவரிடம்தான். தேரை நம் மனை வழியாக விடச் சொல்லி நான் கேட்டதும், "இன்னாம்மா, மனை விக்கிறதுக்கு இப்ப சாமியையும் கூட்டு சேத்துக்கினியா?" என்றார்.

"வித்த மனைக்குத்தாங்க கூப்புடறேன். வித்ததுக்கு அப்புறமும் தெருவப் பத்திக் கவலப்படற வியாபாரி இந்த ஜில்லாவுல நான் ஒருத்திதான்."

"தேரு நாலு வீதிய வுட்டு வெளிய போனதில்லம்மா."

"அந்த நாலும் போட்ட அன்னிக்குப் புது வீதிதானேங்க?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "அந்தப் பக்கம் போனா காலனிய சுத்திக்கினு இல்ல வரணும்?"

எல்லோர் வாயிலும் இருந்த கேள்வி அதுதான். யாரோ ஒருவர் வெளியே சொன்னது நல்லதாயிற்று. "சுத்திக்கினுதான் வரணும். தேருக்கு ரிவர்ஸ் கிடையாது" என்றேன்.

"அப்ப வாணாம்."

"சரி, வாணாம். மாதா திருவிழாவுக்கு காலனிக்காரங்க இழுக்கற தேரக் கேக்கறேன். மேஸ்திரி வீட்டம்மா பேசி வெச்சிட்டாங்க. அது காலனியில கெளம்பி நம்ம மனை வழியா வரும். அதுக்கும் ரிவர்ஸ் கிடையாது. கோயில் வீதி வழியாத்தான் சுத்திக்கினு போவணும். எனக்கு எந்தத் தேரு வந்தாலும் சரிங்க, ரோடு ரோடா இருக்கணும்."

பெரியவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு துண்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "மல்லாட்டைய ஒடைக்கிற மாதிரி ரெண்டு பக்கமும் வெச்சு அமுக்குறியேம்மா" என்றார். சிரிப்பு அடங்கியதும், "சரி. மொதல்ல கழி போவட்டும். முட்டாம போயி வந்தா தேரும் போவும், நானே சக்கரத்துக்கு முட்டுக்கட்ட போடறேன். முட்டி நின்னுச்சுன்னா அப்புறம் நீ பேசக் கூடாது. மேஸ்திரி வெட்டினாரே ஒன்னு, அந்தக் கழியே போதும்" என்றார்.

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கொட்டகையில அளவெடுக்க வந்தப்ப எங்க கழிய எடுத்துக் குடுத்ததே நான்தானே."

இதை நீ என்னிடம் சொல்லவே இல்லை, மேஸ்திரி. உன்னை மரியாதையோடு சொன்னார். நீ இருந்து கேட்டிருந்தால் ஒரு வாரம் திண்டிவனம் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பாய்.

இன்று காலையில் கழி போயிற்று. கமிட்டி ஆட்கள் தூக்க வந்தார்கள். என் மனை, என் கழி என்று ஒரு முனையை நான் எடுத்துக்கொண்டேன். இன்னொரு முனைக்கு உன் வீட்டம்மாவைக் கூப்பிட்டிருந்தேன். தோளில் ஏற்றிக்கொண்டே, "செத்தும் இந்த ஆளு நம்மள வேல வாங்குறாரு பாருக்கா" என்றாள். பெரியவரும் இன்னும் சிலரும் பின்னால் வந்தார்கள்.

சார் வீட்டுச் சரிவில் முட்டியது. "ஒரு இன்ச்தானே" என்று ஆரம்பித்தார். "தேருக்கு இன்ச்செல்லாம் தெரியாதுங்க, சாயங்காலத்துக்குள்ள எடுத்துடுங்க" என்றார் பெரியவர், சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலில். சாரும் கூட்டத்தோடு நடக்க ஆரம்பித்தார். மூலையில் கழி சுளுவாகத் திரும்பியது. கடைசியில் பிளாக் அடுக்கு. இரண்டு முனையும் இரண்டு அடுக்கில் இடித்து நின்றன. என் கடையில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருப்பது உனக்குத் தெரியும், விற்ற சரக்கு வாபஸ் கிடையாது. அது தெரிந்துதான் சார் தைரியமாக நின்றார். "சார், எல்லாத்தையும் திரும்ப எடுத்துக்கறேன். வண்டி வந்துக்கினு இருக்குது" என்றேன். எங்கள் லோடு ஆள் ஏற்ற ஆரம்பித்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தானும் ஒரு பிளாக்கைத் தூக்கினார். அவர் தூக்கியபின் மற்றவர்கள் சும்மா நிற்க முடியவில்லை. ஜல்தியாக முடிந்தது.

கழி காலனித் தெருவுக்குள் போயிற்று. குழாயடியில் குடங்களை ஓரமாக நகர்த்தினார்கள். இந்தப் பக்கம் எங்கே முட்டி நிற்கப்போகிறதோ என்று ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். மாதா கோயிலைத் தாண்டினோம். உன் தெருவில் திரும்பினோம். நான்கு வீடு தாண்டியதும் உன் வீட்டம்மா நின்றுவிட்டாள். கழி முட்டியிருந்தது.

உன் வீட்டுப் படியில், மேஸ்திரி. நான் கொடுத்த கறுப்புக் கிரானைட். ஒரு முழம் நன்றாகவே ரோட்டில் வந்திருக்கிறது.

யாரும் சிரிக்கவில்லை. சார்கூட. உன் வீட்டம்மா அந்தப் படியையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கட்டும்போதே கேட்டேன்க்கா. ஊருக்கெல்லாம் ரூலு போடறீங்க, நம்ம வாசப்படிய இம்மாம் முன்னால வைக்கிறீங்களேன்னு. 'நம்ம தெருவுக்கு எந்தத் தேருடி வரப்போவுது'ன்னாரு."

வரும் என்று என்ஜினியர் தம்பியிடம் அடித்துச் சொன்னவன் நீ. அந்தப் படியைக் கட்டியதும் நீதான். இரண்டும் உனக்குள் சேர்ந்தே இருந்ததை இத்தனை வருடம் எதிரே உட்கார்ந்து டீ குடித்தும் நான் பார்க்கவில்லை.

அவள் தன் முனையைப் பெரியவர் கையில் கொடுத்தாள். உள்ளே போய் உன் கடப்பாரையை எடுத்து வந்தாள். "வீட்டுக்காரங்களே எடுத்துட்டா அது முட்டினதுல சேராது, அதான் வழக்கம்" என்றார் பெரியவர், யாரும் கேட்காமலே. முதல் அடியில் கிரானைட் விரிசல் விட்டது. நல்ல கலவை போட்டிருக்கிறாய். இடிக்க நேரமாயிற்று. கழியைக் கீழே வையுங்கள் என்றார்கள். நான் வைக்கவில்லை, பெரியவரும் வைக்கவில்லை. அவள் இடித்து முடிக்கும்வரை ஆளுக்கொரு முனையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றோம். பிறகு காலனியைச் சுற்றிக் கோயில் வீதிக்கே போய்ச் சேர்ந்தோம்.

தேருக்கு இன்னும் நாள் இருக்கிறது. கழியைக் குடோனுக்குக் கொண்டுபோகவில்லை, கல்லாவுக்குப் பின்னால் நீளவாக்கில் கிடக்கிறது. மீதி மனைக்கு ஆள் வந்தால் விலை பேசுவதற்கு முன்னால் முதலில் அதைத்தான் காட்டப்போகிறேன். தோளில் சிவப்பு ஒட்டியிருக்கிறது. உன் வீட்டுப் படிக்கு வேறு கல் கொடுத்தனுப்புகிறேன், உள்ளே தள்ளிக் கட்டிக்கொள்ளட்டும். உன் தெருவுக்குத் தேர் வருகிறது.